கை நனைத்தால் போதுமா?

2024 ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் பெய்த பெருமழையின் வெள்ளம் வடிந்து சில நாட்களில், யாழ்ப்பாணக் குடாநாட்டில் இனங்காணப்படாத காய்ச்சல் ஒன்றினால் அடுத்தடுத்து மரணங்கள் நிகழ்ந்தன. டிசெம்பர் நடுப்பகுதிக்குள் குறைந்தது ஏழு பேர் உயிரிழந்திருந்த நிலையில், அது எலிக்காய்ச்சல் என்பது ஆய்வுகூடப் பரிசோதனைகளில் உறுதியானது. வயலிலும் வெள்ளநீரிலும் இறங்கி வேலை செய்வோருக்குத் தடுப்பு மருந்து வழங்கும் பணியைச் சுகாதாரத் துறையினர் துரிதப்படுத்தினர். வழமையில் சந்தைக்கும் உணவகத்துக்கும் செல்லும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களை வயல்வெளிகளில் காணும் நிலை அவ்வேளையில் ஏற்பட்டது.

அந்த அச்சம் தணிந்ததும் கமக்காரரின் சுகாதாரம் பற்றிய பேச்சும் தணிந்துவிட்டது. உயிரைச் சடுதியாகப் பறிக்கும் நோய்கள் மாத்திரமே எம்மிடையே செய்தியாகின்றன. வயிற்றோட்டம், நெருப்புக்காய்ச்சல், செங்கண்மாரி, குடற்புழு, கிருமிநாசினியால் ஏற்படும் தலைச்சுற்று, வாந்தி, தோல் எரிவு முதலியன எவரது கவனத்தையும் ஈர்ப்பதில்லை. இரண்டு நாள் படுத்தெழும்பினால் சரியாகிவிடும் என்று குடும்பத்தினர் எண்ணுகின்றனர். பல வேளைகளில் எந்தப் பதிவேட்டிலும் ஏறாமலே அவை கடந்துபோகின்றன. ஆனால் பரப்புக் கணக்கில் நிலம் வைத்து, தனது உடலுழைப்பையே முதலாக இட்டுப் பயிர் செய்யும் ஒருவருக்கு அந்த இரண்டு நாட்கள் சிறிய இழப்பன்று. மாதச் சம்பளம் பெறுபவருக்குச் சுகவீன விடுமுறை உண்டு. நீர் இறைக்க வேண்டிய நாளில் பாயிற் படுத்துவிட்ட சிறு விவசாயிக்கு அத்தகைய விடுமுறையைப் பயிர் தருவதில்லை.

இந்நோய்களுட் கணிசமானவற்றைத் தடுக்கவல்ல மிக மலிவான வழி, கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவுவதாகும். இதனைக் கேள்விப்படாதவர் இன்று அரிது. பாடசாலைச் சுவர்களில் அது எழுதப்பட்டிருக்கிறது. 2008 ஆம் ஆண்டு முதல் ஒக்டோபர் 15 ஆம் திகதி உலகக் கைகழுவுதல் தினமாக அனுஷ்டிக்கப்பட்டும் வருகிறது. அவ்வாறிருந்தும், தோட்டத்து வரம்பில் அமர்ந்து தேநீர் அருந்தும் கமக்காரரின் கை ஏன் கழுவப்படாமல் இருக்கிறது என்பதே நாம் எழுப்ப வேண்டிய கேள்வி. அறியாமையே காரணம் என்று விடை கூறுவது எளிது. அது சரியான விடையன்று என்பதே எமது கருத்து.

ஒரு நாளில் அந்தக் கை தொடுபவை

சிறு விவசாயிக்குக் கையே முதற் கருவி. காலையில் மாட்டுக் கொட்டிலைத் துப்புரவு செய்யும் கைதான் பால் கறக்கிறது. எருவை அள்ளி இறைக்கும் கைதான் பிற்பகலில் வெங்காயத்தைப் பிடுங்கிப் பிடி கட்டுகிறது. கிருமிநாசினியை அளந்து நீரிற் கலக்கும் கைதான் சிறிது நேரத்தில் வெற்றிலையை மடித்து வாயில் இடுகிறது. அல்லது பீடியைப் பற்றவைக்கிறது. மாலையில் வீடு திரும்பியதும் ஓடிவரும் குழந்தையைத் தூக்குவதும் அதே கைதான்.

எருவில் உள்ள ஆபத்தை நாம் எளிதாக மறந்துவிடுகிறோம். இரசாயன உர இறக்குமதி 2021 ஆம் ஆண்டு மே மாதத்தில் திடீரெனத் தடை செய்யப்பட்டு, அதே ஆண்டு நவம்பரில் அத்தடை தளர்த்தப்பட்ட கதையை இந்நாட்டின் விவசாயிகள் மறந்திருக்க மாட்டார்கள். சேதனப் பசளையே வழி என்று அரசாங்கம் கூறிய அந்த மாதங்களில், அதனைக் கையாள்வோரின் கைகளைப் பற்றி எவரும் பேசியதாகத் தெரியவில்லை. நன்கு உக்காத மாட்டெருவிலும் கோழியெருவிலும் சல்மொனெல்லா, ஈ-கோலை போன்ற கிருமிகள் உயிருடன் இருக்கக்கூடும். மலத்தினால் மாசடைந்த மண்ணில் வட்டப்புழுவின் முட்டைகள் நெடுநாள் தங்கியிருக்கும். நகக்கண்ணில் ஒட்டிய மண்ணோடு அவை வாய்க்குட் செல்கின்றன. சேதன விவசாயம் நிலத்துக்கு நன்மையானது என்பதில் ஐயமில்லை. அது கைகழுவும் தேவையைக் கூட்டுகிறதேயன்றிக் குறைப்பதில்லை.

கிருமிநாசினியின் கதை வேறு. 1980 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கப் பீடைகொல்லிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் அதிக நச்சுத்தன்மை வாய்ந்த பல மருந்துகள் படிப்படியாகச் சந்தையிலிருந்து அகற்றப்பட்டன. 1995 இல் மொனோகுரோட்டோபொஸ், மெத்தமிடோபொஸ் ஆகியனவும், 1998 இல் எண்டோசல்பானும், 2008 தொடக்கம் 2011 வரையான காலத்தில் பரகுவாட், டைமெதோயேட், பென்தியன் ஆகியனவும் தடைக்குள்ளாகின. இத்தடைகள் பல்லாயிரம் உயிர்களைக் காத்துள்ளன. எனினும், இன்று விற்பனையில் இருப்பவையும் நஞ்சே. தெளிக்கும் வேளையைவிட, செறிந்த மருந்தைப் போத்தலிலிருந்து அளந்து கலக்கும் வேளையிலேயே கைக்கு ஆபத்து அதிகம். பல மருந்துகள் வாய்வழியாக மாத்திரமன்றித் தோலினூடாகவும் உடலிற் சேர்கின்றன. உடலின் எல்லாப் பகுதித் தோலும் ஒரே அளவில் உறிஞ்சுவதில்லை. பிறப்புறுப்பை அண்டிய மெல்லிய தோல் மிக விரைவாக உறிஞ்சும். எனவே மருந்தடிக்கும் ஒருவர் சிறுநீர் கழித்த பின்னர் மாத்திரமன்றி, அதற்கு முன்னரும் கைகழுவ வேண்டும். எமது சுகாதாரச் சுவரொட்டிகளில் இந்த விடயத்தைக் காண்பது அரிது.

புகையிலைச் செய்கையாளருக்கு இன்னுமோர் அபாயம் உண்டு. பனி ஈரம் படிந்த பச்சை இலைகளைக் கையாளும்போது நிக்கொட்டின் தோலினூடாக உட்சென்று குமட்டல், வாந்தி, தலைச்சுற்று, தளர்ச்சி ஆகியவற்றை ஏற்படுத்துகிறது. வாழ்நாளில் ஒரு சுருட்டையேனும் தொட்டறியாதவரையும் இது பாதிக்கும். வெயில் மயக்கம் என்று கருதி நிழலில் அமர்ந்திருப்பதோடு பலர் விட்டுவிடுகின்றனர். ஈர இலையிலிருந்து கையையும் உடலையும் காப்பதும், வேலை முடிந்தவுடன் சவர்க்காரமிட்டுக் கழுவுவதும் இதற்கான எளிய தற்காப்புகள்.

இங்கு ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். கைகழுவுதல் சர்வரோக நிவாரணியன்று. எலிக்காய்ச்சற் கிருமி பெரும்பாலும் காலிலுள்ள காயங்கள், வெடிப்புகள் வழியாகவே உடலுட் புகுகிறது. கொழுக்கிப்புழுவும் வெறுங்காலினூடாகவே நுழைகிறது. அவற்றுக்குக் காலணியும் மலசலகூடமும் உரிய தடுப்பு மருந்துமே துணை. கைகழுவினால் எல்லா நோயும் போய்விடும் என்று கூறிவிட்டு, பின்னர் அது பொய்த்துப்போனால் மக்கள் முழு அறிவுரையையுமே புறக்கணிப்பார்கள். எதைத் தடுக்கும், எதைத் தடுக்காது என்பதை நேர்மையாகக் கூறுவது சுகாதாரக் கல்வியின் முதற் கடமையாகும்.

நனைத்தலும் கழுவுதலும்

கை நனைத்தல் என்றால் எமது வழக்கில் ஒரு வீட்டில் உணவருந்துதல் என்று பொருள். உண்பதற்கு முன் கையை நனைக்கும் வழக்கம் எம்மிடம் அத்துணை ஊறியிருக்கிறது. வெளியிற் சென்று வருபவர் கைகால் கழுவி வீட்டினுள் நுழைவதும் எமது பண்பாடே. ஆகவே எமது விவசாயிகளுக்குச் சுத்தத்தைப் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. இருக்கும் வழக்கத்தோடு சவர்க்காரத்தைச் சேர்ப்பதே தேவை.

நீர் மாத்திரம் ஏன் போதாது என்பதை விளக்கவும் எமது தோட்டங்களிலேயே சான்று உண்டு. மிளகாய் பிடுங்கிய கையை வெறும் நீரில் அலசிவிட்டுக் கண்ணைத் தொட்டவர் எவரும் அந்த எரிவை மறந்திருக்க மாட்டார். மிளகாயின் காரம் எண்ணெய்த் தன்மையுடையது, நீருடன் போகாது. அவ்வாறே கையிலுள்ள நெய்ப்பசையில் ஒட்டியிருக்கும் கிருமிகளும் எண்ணெய் கலந்த மருந்தும் வெறும் நீருக்கு அசையமாட்டா. சவர்க்காரத்தின் துணிக்கைக்கு எண்ணெயைப் பற்றும் முனையொன்றும் நீரைப் பற்றும் முனையொன்றும் உண்டு. நெய்ப்பசையைப் பற்றியிழுத்து நீரோடு அனுப்புவது அதுவே. இந்த விளக்கத்தைக் கூற நுண்ணுயிரியற் பாடம் தேவையில்லை. ஒரு பிடி மிளகாயே போதுமானது.

குடாநாட்டின் நிலக்கீழ் நீரையும் இங்கு கருத வேண்டியிருக்கிறது. வற்றாத ஆறொன்று இல்லாத எமது நிலம், சுண்ணாம்புப் பாறைக்குள் தேங்கும் மழைநீரையே நம்பியிருக்கிறது. அப்பாறையின் வெடிப்புகளினூடே மேலிருந்து செல்லும் அழுக்கும் விரைந்து கீழிறங்கும். கிணற்று நீரில் நைத்திரேற்று அதிகரித்திருப்பது பற்றிப் பல ஆண்டுகளாகவே எச்சரிக்கப்பட்டு வருகிறது. இந்நிலையில் மருந்தடித்த கையையும் தெளிகருவியையும் கிணற்றடியிலேயே கழுவுவது, கையிலிருந்த நஞ்சைக் குடிநீருக்கு மாற்றுவதற்கு ஒப்பானது. தோட்டத்தில் கைகழுவும் இடம் கிணற்றிலிருந்து விலகி இருத்தல் வேண்டும்; கழுவிய நீர் கிணற்றை நோக்கி ஓடாதிருத்தலும் வேண்டும். கிணறே அருகில் இருக்க வேறு ஏற்பாடு எதற்கு என்று கேட்போருக்கு இதுவே விடை.

பிற நாடுகள் கற்ற பாடம்

கைகழுவச் சொன்னால் மக்கள் கேட்பதில்லை என்று சலித்துக்கொள்ளும் சுகாதார உத்தியோகத்தர்கள் வரலாற்றைச் சற்று நோக்கலாம். 1847 ஆம் ஆண்டு வியன்னா நகர வைத்தியசாலையில் இக்னாஸ் செம்மல்வைஸ் என்ற மருத்துவர், பிரசவம் பார்க்கும் முன் மருத்துவர்கள் குளோரின் கலந்த கரைசலில் கைகழுவ வேண்டும் என விதித்தார். பிரசவக் காய்ச்சலால் தாய்மார் இறப்பது வெகுவாகக் குறைந்தது. அவ்வாறிருந்தும் அக்கால மருத்துவருட் பலர் அதனை ஏற்க மறுத்தனர். கற்றறிந்த மருத்துவர்களே கண்முன் கண்ட பயனை ஏற்கத் தயங்கினர் என்றால், கமக்காரரைக் குறைகூற எமக்கு என்ன உரிமை இருக்கிறது?

அண்மைக் காலத்து ஆய்வுகள் மேலும் தெளிவான பாடத்தைத் தருகின்றன. பாகிஸ்தானின் கராச்சி நகரக் குடிசைப் பகுதிகளில் நடத்தப்பட்டு 2005 இல் வெளியான ஆய்வில், சவர்க்காரத்தால் கைகழுவ ஊக்குவிக்கப்பட்ட குடும்பங்களில் 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளிடையே வயிற்றோட்டம் 53 வீதத்தாலும், ஐந்து வயதுக்குட்பட்டோரிடையே நியூமோனியா 50 வீதத்தாலும் குறைந்து காணப்பட்டன. ஆனால் அங்கு வெறும் அறிவுரை வழங்கப்படவில்லை. களப்பணியாளர் ஓராண்டு காலம் வாரந்தோறும் வீடுகளுக்குச் சென்றனர். சவர்க்காரமும் இலவசமாக வழங்கப்பட்டது.

2018 இல் வெளியான இரு பெரும் ஆய்வுகள் இதைவிடச் சிந்திக்கத் தக்கவை. ஒரே திட்டத்தின் கீழ் பங்களாதேஷின் கிராமங்களிலும், சிறு விவசாயிகள் செறிந்து வாழும் மேற்குக் கென்யாவிலும் கைகழுவும் இட வசதியும் ஊக்குவிப்பும் வழங்கப்பட்டன. பங்களாதேஷில் சிறு குழந்தைகளிடையே வயிற்றோட்டத்தின் அளவு 5.7 வீதத்திலிருந்து 3.5 வீதமாகக் குறைந்து காணப்பட்டது. கென்யாவிலோ எந்தக் குறைவும் தென்படவில்லை. பங்களாதேஷில் ஊக்குவிப்பாளர்கள் மாதத்திற் பல தடவை வீடுகளுக்குச் சென்று வந்தனர். கென்யாவில் அவ்வாறு அடிக்கடி செல்லவில்லை. இரண்டாவது ஆண்டில் அங்கு கைகழுவும் இடங்களில் நீரும் சவர்க்காரமும் இருந்த வீடுகள் வெகுவாகக் குறைந்திருந்தன. இரு நாடுகளுக்கும் இடையில் வேறு வேறுபாடுகளும் உண்டெனினும், மீண்டும் மீண்டும் செல்வோர் இல்லாவிடில் பழக்கம் நிலைப்பதில்லை என்பதை இது உணர்த்துகிறது.

எப்படிப் பேசுவது என்பதற்கு ஆந்திரப் பிரதேசத்தின் சித்தூர் மாவட்டக் கிராமங்கள் ஒரு முன்மாதிரி. 'சுப்பர் அம்மா' என்ற பெயரில் அங்கு மேற்கொள்ளப்பட்ட இயக்கம், கிருமியையோ நோயையோ காட்டிப் பயமுறுத்தவில்லை. பிள்ளையை நல்லபடி வளர்க்கும் தாயின் பெருமை, அருவருப்பு, ஊரார் முன்னிலையில் எடுக்கும் உறுதிமொழி ஆகியவற்றையே அது பயன்படுத்தியது. 2014 இல் வெளியான முடிவுகளின்படி, ஆறு மாதங்களின் பின் அந்த இயக்கம் சென்ற கிராமங்களில் கைகழுவ வேண்டிய தருணங்களில் 37 வீதமானவற்றில் சவர்க்காரம் பயன்படுத்தப்பட்டது. செல்லாத கிராமங்களில் அது 6 வீதம் மாத்திரமே.

எமது அண்மைய அனுபவமும் இதையே கூறுகிறது. 2020 இல் கொரோனாப் பரவலின்போது கடை வாசலிலும் கோயில் வாசலிலும் அலுவலக வாசலிலும் நீர்க்கலனும் சவர்க்காரமும் வைக்கப்பட்டன. அவை கண்முன் இருந்ததால் அனைவரும் கழுவினர். பயம் நீங்கியதும் கலன்கள் வற்றின, குழாய்கள் பழுதாகின, பழக்கமும் போயிற்று. மக்கள் கைகழுவும் முறையை மறக்கவில்லை. கழுவுவதற்கான இடந்தான் மறைந்துபோனது.

யார் செய்ய வேண்டும்?

இலங்கைக்குச் சுகாதாரக் கல்வி புதிதன்று. 1916 ஆம் ஆண்டளவில் றொக்பெல்லர் நிறுவனத்தின் உதவியுடன் பெருந்தோட்டங்களில் கொழுக்கிப்புழு ஒழிப்பு இயக்கம் தொடங்கியது. தொழிலாளருக்கு மருந்து வழங்கப்பட்டது. போதிய மலசலகூடங்களை அமைக்கத் தோட்ட நிர்வாகங்கள் தயங்கிய இடங்களில் மருந்துண்டவர்களே மீண்டும் நோயுற்றனர். வசதி செய்து கொடுக்காமல் வழங்கும் மருந்தும் அறிவுரையும் வீண் என்பதை அன்றே இந்நாடு கண்டது. 1926 இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு அமைக்கப்பட்டது. இன்றைய சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளின் தொடக்கம் அதுவே. பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் குடும்பநல உத்தியோகத்தரும் வீடு தேடி வரும் முறை இந்த மரபின் வழி வந்தது. பல நாடுகளுக்குக் கிட்டாத வளம் இது.

குறை எங்கே எனில், இந்த வருகை வீட்டு வாசலோடு நின்றுவிடுகிறது. குடும்பநல உத்தியோகத்தர் தாயையும் சேயையும் பார்க்கிறார். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் உணவகங்களையும் நுளம்பு பெருகும் இடங்களையும் பார்க்கிறார். விவசாயப் போதனாசிரியர் தோட்டத்துக்கு வருகிறார். ஆனால் அவர் பார்ப்பது பயிரை. பயிருக்கும் வீட்டுக்கும் இடையில், நாளின் பெரும்பகுதியை மண்ணில் கழிக்கும் மனிதரைப் பார்ப்பதற்கு எவருமில்லை. சுகாதாரம் ஒரு திணைக்களம், விவசாயம் இன்னொரு திணைக்களம், கமநல சேவை வேறொரு திணைக்களம் என்ற பிரிவினை கோப்புகளுக்குப் பொருந்தலாம். கமக்காரரின் கைக்குப் பொருந்தாது.

இதற்குப் புதிய திணைக்களம் எதுவும் தேவையில்லை. காலபோகத்துக்கும் சிறுபோகத்துக்கும் முன் கமக்காரர் அமைப்புகள் கூடுகின்றன. உர விநியோகமும் நீர் விநியோகமும் பேசப்படும் அக்கூட்டங்களில் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அரைமணி நேரம் ஒதுக்கலாம். அவர் விரிவுரை நிகழ்த்தாமல், செய்து காட்ட வேண்டும். விவசாயப் போதனாசிரியர் மருந்துக் கலவை பற்றி விளக்கும் ஒவ்வொரு வேளையிலும் கைகழுவுதலை அதன் இறுதிப் படியாகவே கற்பிக்க வேண்டும். அவர் அதே தோட்டத்துக்கு மறுபடியும் செல்பவர் என்பது பெரும் வாய்ப்பு.

கைகழுவும் இடம் அமைப்பதற்குப் பெருஞ்செலவும் இல்லை. காலால் மிதித்தால் சரிந்து நீர் ஊற்றும் கலனொன்று 1980களில் சிம்பாப்வேயில் உருவாகி இன்று பல நாடுகளில் பயன்படுகிறது. ஐந்து லீற்றர் வெற்றுக் கலன், இரண்டு கவட்டுத் தடிகள், ஒரு கயிறு ஆகியன போதும். ஆனால் அக்கலன் கிருமிநாசினி இருந்த கலனாக ஒருபோதும் இருத்தலாகாது. சவர்க்காரக்கட்டியைக் காகம் கொண்டுபோகும் என்று அஞ்சுவோர், சலவைத் தூளைச் சிறிதளவு நீரிற் கரைத்துப் போத்தலில் வைக்கலாம். பங்களாதேஷ் கிராமங்களில் கையாளப்பட்டதும் இம்முறையே. அப்போத்தலில் அடையாளம் இடுவதும், பிள்ளைகளுக்கு எட்டாமல் வைப்பதும் அவசியம்.

கிருமிநாசினி விற்பனையாளருக்கும் இதிற் பங்குண்டு. ஒவ்வொரு போத்தலுடனும் ஒரு சவர்க்காரக்கட்டியைச் சேர்த்து வழங்குவது அந்த வர்த்தகத்தின் இலாபத்தில் ஒரு துளியளவே. கூட்டுறவுச் சங்கங்கள் இதனை முன்னின்று தொடங்கலாம். நாட்கூலிக்கு வரும் பெண்களை நில உரிமையாளர்கள் மறந்துவிடக்கூடாது. வெங்காயம் நடவும் களை பிடுங்கவும் வரும் அவர்களுக்குப் பல தோட்டங்களில் மலசலகூட வசதியே இல்லை. நாள் முழுவதும் நீர் அருந்தாமல் அடக்கிக்கொண்டு வேலை செய்வோரிடம் கைகழுவுதல் பற்றிப் பேசுவது அவர்களை ஏளனம் செய்வதாகவே முடியும்.

சந்தையில் மரக்கறி வாங்கும் எமக்கும் இது அயல் விடயமன்று. பச்சையாக உண்ணும் வெங்காயமும் கீரையும் கரட்டும் எவரோ ஒருவரது கையால் பிடுங்கப்பட்டு, கட்டப்பட்டு, சந்தைக்கு வந்தவை. விவசாயத் திணைக்களம் வழங்கும் நல்ல விவசாய நடைமுறைச் சான்றிதழ் தொழிலாளரின் சுகாதாரத்தையும் ஒரு நிபந்தனையாகக் கொண்டிருக்கிறது. அச்சான்றிதழ் பெற்ற விளைபொருளுக்குச் சிறிது கூடிய விலை கொடுக்க நுகர்வோர் முன்வந்தால், தோட்டத்துச் சவர்க்காரத்தின் செலவு தானாகவே ஈடாகிவிடும்.

காய்ச்சல் பரவி உயிர்கள் போன பின்னர் வயலுக்கு விரைவதைவிட, போகத்தின் தொடக்கத்திலேயே அங்கு செல்வது செலவு குறைந்தது; மனிதாபிமானமும் அதுவே. கமக்காரருக்கு அறிவுரை போதியளவு கிடைத்துவிட்டது. அவருக்குக் கிடைக்காதது, தேநீர் அருந்தும் வரம்பிலிருந்து பத்தடி தூரத்தில் ஒரு கலன் நீரும் ஒரு துண்டுச் சவர்க்காரமும், அவை தீர்ந்துவிட்டனவா என்று அடுத்த மாதம் வந்து பார்க்கும் ஓர் உத்தியோகத்தருமே. வரும் காலபோகக் கூட்டங்களிலாவது மாகாணச் சுகாதார, விவசாயத் திணைக்களங்கள் இதற்கு ஒன்றாக அமர்ந்து வழி காண வேண்டும். எம்மை ஊட்டும் கைகளின் நலனை எவரும் கைகழுவி விடலாகாது.